வேல் சாத்தியிருந்த துவக்கு அலுமாரி

செல்வரத்தினம் அண்ணை பொய் சொல்கிறார். பிளாக்ஹவுஸ் பேயில் எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டில் துவக்கு, அதாவது துப்பாக்கி, இருந்தது அவருக்குத் தெரியும். தெரியாது என்று பொலிசுக்குச் சொன்னார். கோயில் கட்டிடக் குழுவுக்குச் சொன்னார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளை ஏற்ற வருகிறவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்குச் சுற்றிவளைத்து எழுத வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் சொல்கிறேன் என்பதை இனி வாசியுங்கள்.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு முதலில் இந்த நாட்டுச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒக்லாந்தில் வாடகை வீடுகள் பெரும்பாலும் மரவீடுகள். சுவரில் விரலால் தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம் வரும். வெளியே பலகை, உள்ளே சுண்ணாம்பு அட்டை, நடுவில் வெறும் காற்று. அங்கொன்றும் இங்கொன்றுமாக மரச்சட்டம் ஓடும். சட்டம் இருக்கிற இடத்தில்தான் ஆணி நிற்கும், மற்ற இடத்தில் அடித்தால் அட்டை உடைந்து ஓட்டை விழும். ஊரில் கல்வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு முதல் வருடம் முழுக்க இந்தச் சுவர்களில் நம்பிக்கை வரவில்லை. சாய்ந்து இருக்கவே யோசிப்பேன். செல்வரத்தினம் அண்ணை வீட்டைக் காட்ட வந்த அன்றே சொல்லிவிட்டார். "தம்பி, ஒரு ஆணியும் அடிக்கப்படாது. சுவர் பழுதாப்போடும். பொரிக்கேக்குள்ளை யன்னலைத் திறந்து வைக்கவேணும். நாய், பூனை ஒண்டும் ஆகாது." எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். நாங்கள் வந்திருந்த நிலைமையில் எதற்கும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவர் யாரென்றும் சொல்லிவிடுகிறேன். கலவரங்களுக்கெல்லாம் முன்பே படித்துவிட்டு வந்த எங்களூர் எஞ்சினியர். எப்சமில் சொந்த வீடு. பிளாக்ஹவுஸ் பேயில் இருப்பது வாடகைக்கு விடுவதற்கு வாங்கிய இரண்டாவது வீடு. புதிதாக வருகிற தமிழருக்கு விமான நிலையத்துக்குக் கார் கொண்டு போவார், பழைய மெத்தை கொடுப்பார். நான் அதை மறைக்கவில்லை. எங்களுக்கும் ஒரு மெத்தை தந்தார். நான் பாண் தொழிற்சாலையில் ரொட்டி சுடுகிற வேலை செய்கிறேன். என் மனைவி மலர், எங்கள் இரண்டு பிள்ளைகள், மலரின் தம்பி தயாபரன், இவ்வளவு பேரும் அந்த வீட்டுக்குக் குடிபோனோம். தயாபரன் அகதி விண்ணப்பம் போட்டு, முதலில் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்குக் காத்திருக்கிறவன். இந்தக் கட்டுரை முழுக்க அவனைப் பற்றியதுதான்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, தருவதற்கு முன் அண்ணை என்னைத் தனியே முற்றத்துக்குக் கூட்டிப் போனார்.

"நான் ஒளிச்சு மறைச்சுக் கதைக்கிற ஆளில்லைத் தம்பி. இயக்கம் கியக்கம் எண்டு ஒரு சோலியும் இல்லைத்தானே? துவக்குச் சாமான் ஒண்டும் என்ரை வீட்டுக்குள்ளை வரப்படாது."

"அண்ணை, நான் பாண் சுடுற ஆள். என்னட்டை நல்ல கத்திகூட இல்லை."

"உம்மைச் சொல்லேல்லை. உம்மோடை இருக்கிற பெடியனைத்தான் கேக்கிறன்."

இந்தக் கடைசி வசனத்தை வாசிக்கிறவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னுக்குத் தேவைப்படும்.

நடையில், சுவருக்குள் பதித்த ஒரு பெரிய மர அலுமாரி இருந்தது. அதன் கதவைத் திறந்தால் உள்ளே இன்னொரு அலுமாரி. இரும்பு. பச்சைப் பெயின்ட். ஆள் உயரம் இருக்கும், ஆனால் ஒடுக்கம். பின்பக்கத்தில் பெரிய போல்ட்டுகள் போட்டுச் சுவர்ச் சட்டத்தோடு இறுக்கியிருந்தது. ஆட்டினால் வீடுதான் ஆடும், அது ஆடாது. கீழ்ப்பகுதி திறந்து வெறுமையாகக் கிடந்தது. உள்ளே குறுக்காக ஒரு மரத்துண்டு, அதில் அரைவட்டமாக வெட்டிய பள்ளங்கள், பள்ளங்களில் பச்சைத் துணி ஒட்டியிருந்தது. மேலே தனியாக ஒரு சின்னத் தட்டு, அதற்குத் தனிப் பூட்டு. அதற்குச் சாவி இல்லை.

"இஞ்சேருங்கோ, நகை வைக்கிற அலுமாரி போலை கிடக்கு," என்றாள் மலர்.

"எங்களிட்டை என்ன நகை கிடக்கு வைக்க?"

"அப்ப சாமியை வைப்பம். ஆணிதான் அடிக்கப்படாதே."

அப்படித்தான் வைத்தோம். கீழே பலகை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பிள்ளையார், முருகன், அம்மாள் படங்கள். மலர் ஊரிலிருந்து சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்த பித்தளை வேல் ஒன்று இருந்தது. அதை நிறுத்த இடம் தேடினாள். அந்த மரத்துண்டின் பள்ளத்தில் சாத்தினாள். செய்து வைத்தது மாதிரிப் பொருந்தியது. எங்களுக்கெல்லாம் அது பெரிய சந்தோஷம். வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவோம். இரும்புக்குள் சாமி, விளக்கு வைத்தாலும் மரவீட்டில் நெருப்புப் பிடிக்காது என்று நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். செல்வரத்தினம் அண்ணை வீடு பார்க்க வரும்போதெல்லாம் அதற்கு முன்னால் நின்று கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு போவார். ஒரு நாளாவது வாய் திறந்து இது என்ன அலுமாரி என்று சொன்னாரா? தயாபரன் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சீனி கூட என்று சொல்வார். அதைச் சொல்ல வாய் இருந்தது.

கிளென்ஃபீல்டில் இருக்கும் சுந்தர் என் நண்பர். தமிழ்நாட்டுக்காரர், கம்ப்யூட்டர் வேலை. அவரும் அப்போது வீடு தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். "என்ன நாடுண்ணே இது? பூனை வளர்க்கக் கூடாதுன்னு ரெண்டு வீட்ல சொல்லிட்டாங்க. சிகரெட் புடிப்பியான்னு கேட்டாங்க. துப்பாக்கி வெச்சிருக்கியான்னு ஒருத்தனும் கேக்கல."

"உங்களை ஏன் கேக்கிறாங்கள்? அது எங்களைத்தான் கேப்பாங்கள்."

"அட, உங்களைக் கேட்டாங்களா? வெள்ளைக்காரனா?"

"இல்லை. எங்கடை ஆள்தான்."

சுந்தர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

பொலிஸ்காரர் வந்தது ஒரு மத்தியானம். நான் வேலைக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். தயாபரன் குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கதவைத் திறந்தால் இளம் பொலிஸ்காரர் ஒருவர், தனியாக, தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பிரையன் இருக்கிறாரா என்று கேட்டார். அப்படி ஒருவரும் இல்லை என்றேன். "கவலைப்பட ஒன்றுமில்லை. ரைஃபிள் விஷயமாகத்தான் வந்தேன்," என்றார். கவலைப்பட ஒன்றுமில்லை என்பதையும் ரைஃபிள் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய பொலிஸ்காரனை நான் அதுவரை கண்டதில்லை. குசினியில் கோப்பை விழுந்த சத்தம் கேட்டது. பின்கதவு அடித்தது. தயாபரன் வெறுங்காலோடு வேலி பாய்ந்துவிட்டான்.

"யார் அது?" என்றார் பொலிஸ்காரர்.

"மனைவியின் தம்பி."

"ஏன் ஓடுகிறார்?"

இதற்கு ஆங்கிலத்தில் என்ன பதில்? தமிழிலும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஊரில் ஆமி சுற்றிவளைத்த ஒரு காலையில் இவனும் இவனுடைய கூட்டாளியும் ஒழுங்கையில் நின்றிருக்கிறார்கள். இவன் ஓடினான். பிழை செய்யாத நான் ஏன் ஓடவேண்டும் என்று கூட்டாளி நின்றான். நின்றவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனுடைய தாய் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறா. அந்தக் காலையில் இவன் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். அதை இந்தப் பச்சைப் புல்வெளிக்கும் கொண்டுவந்துவிட்டான். ஓடாமல் நின்றால் ஒன்றும் நடவாத நாட்டில் ஓடினான். ஓடியதால்தான் எல்லாம் நடந்தது.

பிரையன் எங்களுக்கு முன் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர், மான் வேட்டைக்குப் போகிறவர், துவக்கு வைத்திருக்க அனுமதி உள்ளவர், வீடு மாறியதை அறிவிக்கவில்லை என்பதெல்லாம் அந்தப் பொலிஸ்காரர் சொல்லித்தான் தெரியும். துவக்கைப் பூட்டி வைக்கும் இடத்தைப் பார்த்துப் போகத்தான் வந்திருக்கிறார். இரும்பு அலுமாரி எங்கே என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் அது எதற்குச் செய்த அலுமாரி என்று விளங்கியது. நடைக்குக் கூட்டிப் போனேன். மலர் ஓடிவந்து அவருடைய காலைக் காட்டினாள். அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். ஒரு சொக்ஸில் பெருவிரல் தெரிந்தது. ஊரில் எங்கள் சாமி அறைக்குள் பூட்ஸோடு ஏறி நின்றவர்களைக் கண்ட மலர், அந்தப் பெருவிரலைப் பார்த்து அழத் தொடங்கிவிட்டாள். அவருக்கு ஏனென்று விளங்கவில்லை. தன்னால்தான் அழுகிறாள் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார்.

பிறகு டோர்ச் அடித்து அலுமாரிக்குள் பார்த்தார். வேலைக் காட்டி அது என்ன என்றார். எனக்கு வந்த ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னேன். "கடவுளின் ஆயுதம்."

மலர் என் கையைக் கிள்ளினாள். "உங்களுக்கு விசரோ? பொலிசுக்கு முன்னாலை ஆயுதம் எண்டு சொல்லுறியள்!"

அவர் சிரிக்கவில்லை. மேல்தட்டின் பூட்டைத் தொட்டுப் பார்த்து, சாவி எங்கே என்றார். இல்லை என்றேன். ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறீர்கள், சாவி இல்லையா என்றார். அவர் கேட்ட விதத்தில் அவர் என்னை நம்பவில்லை என்பது தெரிந்தது. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். எங்கள் தொலைபேசியிலேயே செல்வரத்தினம் அண்ணைக்கு அழைப்பு எடுத்தார். கதைத்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "துவக்கு எதுவும் தனக்குத் தெரியாது என்கிறார். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகளுக்குத்தான் வீட்டைக் கொடுத்தேன், வேறு ஒரு இளைஞர் இருப்பது தனக்குத் தெரியாது என்கிறார்."

எத்தனை கோப்பை தேத்தண்ணி குடித்த மனிதர்!

அண்ணை வந்தார். காரேஜில் பாதியைப் பலகையால் மறித்துத் தன்னுடைய பழைய தளபாடங்களைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். சாவி அவரிடம் மட்டும்தான். பொலிஸ்காரர் அதைத் திறக்கச் சொன்னார். திறந்தார். உள்ளே இருட்டு, முகடு வரைக்கும் சாமான். அண்ணை விளக்கைப் போடவில்லை. தேடவில்லை. நேரே பழைய சோபாவின் பின்பக்கம் போய், கம்பளியில் சுற்றிய நீளமான ஒன்றைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் "ஐயோ, இதுவோ?" என்றார். நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. பொலிஸ்காரரிடம் என்ன சொன்னார் தெரியுமா? பலகை மறிப்புத்தானே, வாடகைக்கு இருக்கிறவர்களும் உள்ளே வரலாம், அந்தப் பையன் பகலில் வீட்டில்தான் இருக்கிறானாம் என்றார். தயாபரன் இருப்பதே தெரியாது என்று சொன்னவர் அவன் பகலில் எங்கே இருக்கிறான் என்பதைச் சொன்னார்.

மேல்தட்டைப் பிறகு பொலிஸ் திறந்தபோது உள்ளே தோட்டாப் பெட்டிகளும் துவக்கிலிருந்து கழற்றிய ஓர் இரும்புப் பாகமும் இருந்தன. தோட்டாவைத் துவக்கோடு சேர்த்து வைக்கக்கூடாது என்பது இங்குள்ள ஒழுங்காம். நல்ல ஒழுங்குதான். பிள்ளையாருடைய தலைக்கு மேலே ஒரு வருடத்துக்கு மேல் அவை இருந்திருக்கின்றன. நாங்கள் அவற்றுக்கும் சேர்த்துத்தான் கற்பூரம் காட்டியிருக்கிறோம்.

பின்னேரம் தயாபரனைக் கடற்கரையில் கண்டுபிடித்தோம். கற்களுக்கு நடுவில் இருந்தான். கையில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. "அத்தான், பிடிச்சுக்கொண்டு போகப் போறாங்களோ?" என்றான். இல்லையடா என்றேன். அவன் நம்பவில்லை. எனக்கும் நிச்சயமில்லை.

ஊரில் துவக்குக்கு வீட்டுக்காரனின் அனுமதி தேவையில்லை. ஒரு நாள் பட்டப்பகலில், நான் கண்டிராத ஒரு பெடியன் எங்கள் குசினிக்குள் வந்து, துவக்கைச் சுவரில் சாத்திவிட்டுத் தண்ணி கேட்டான். என் தகப்பன், ஐயா, கொடுத்தார். எழுந்து போகும்போது செம்பைக் கழுவி வைத்துவிட்டுப் போனான், நல்ல வளர்ப்பு. அடுத்த மாதம் அதே சுவரில் ஆமிக்காரன் சாத்தினான். அவன் செம்பைக் கழுவவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். சுவர் எங்களுடையது, ஐயா கட்டியது, ஆனால் அதில் எதைச் சாத்தலாம் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இருக்கவில்லை. இந்த நாட்டில் அந்த உரிமை வீட்டுக்காரருக்கு இருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. செல்வரத்தினம் அண்ணையால் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியும். வைத்திரு, ஆனால் போகும்போது எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்க முடியும். குறைந்தது, வருகிற எங்களிடம் இப்படி ஒரு சாமான் இருக்கிறது என்று சொல்லியிருக்க முடியும். ஒருவரும் அவருடைய நெஞ்சுக்கு நேரே எதையும் நீட்டவில்லை. துவக்கைப் பற்றி அவர் கேட்ட ஒரே ஒரு கேள்வியை என்னிடம்தான் கேட்டார். பிரையனிடம் கேட்கவில்லை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பிரையனே வந்து சொன்னார். இந்த நாட்டின் தெற்குத் தீவில் வேலை கிடைத்துப் போனவரைப் பொலிஸ் தேடிப் பிடித்திருக்கிறது. துவக்கு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அவருக்கு என்ன தண்டனையோ எனக்குத் தெரியாது. பிறகு ஒரு நாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். பெரிய ஆள், வெட்கப்பட்ட முகம், கையில் செய்தித்தாளில் சுற்றிய பெரிய பொதி. மன்னிப்புக் கேட்க மான் தொடை கொண்டுவந்திருக்கிறார். அன்று கந்தசஷ்டி. மலர் ஆறு நாள் விரதத்தில் இருக்கிறாள். அவள் வாசலில் நிற்கிற இறைச்சியைப் பார்க்கிறாள், அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கிறார். இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்து, இன்னொரு தொடையும் காரில் இருக்கிறது என்றார்.

படியில் குந்தியிருந்து கதைத்தோம். செல்வா நல்ல மனிதன் என்றார். செல்வரத்தினம் அண்ணையைத்தான் அப்படிச் சொன்னார். அலுமாரியைச் சுவரில் இறுக்கலாமா என்று கேட்டபோது "நோ வொரிஸ், மேட்" என்றாராம். தானே வந்து, சட்டம் ஓடுகிற இடத்தைத் தட்டிப் பார்த்துக் காட்டி, பிரையன் துளை போடும்போது அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். ஊர் மாறும்போது, கொஞ்ச நாளைக்குக் காரேஜில் கிடக்கட்டும், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லாதே, பயந்து விடுவார்கள் என்றாராம். எங்கள் முருகனுக்கு ஒரு சின்ன ஆணிக்கு இடம் தராத சுவர், அந்தப் போல்ட்டுகளுக்கு இடம் தந்திருக்கிறது.

கோயிலுக்கென்று வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தில் அண்ணையைப் பிடித்துக் கேட்டேன்.

"தம்பி, பிரையன் தன்ரை எண்டு சொல்லிப்போட்டான்தானே? பிறகென்ன?"

"தயாபரனைத் தெரியாதெண்டு சொன்னியளே, அதுக்கு என்ன?"

"அது பதட்டத்திலை வந்த கதை."

"அப்ப பதட்டம் இல்லாமல் ஒருக்கால் பொலிசிலை சொல்லுங்கோ."

"நான் கட்டிடக் குழுத் தலைவர். என்ரை பேர் என்னாகும்? அதுசரி, அவன் ஏன் ஓடினவன்? அதை முதல் கேளும்."

சுற்றி நின்றவர்கள் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது ஊர் முழுக்க அதுதான் கதை. அவன் ஏன் ஓடினான், ஏதும் இல்லாமலா ஓடுவான். ஆமிக்குப் பயந்து ஓடாத ஒருவர் அந்த மண்டபத்தில் இருந்தால் என்னிடம் வந்து கேட்கட்டும்.

எங்கள் வக்கீல் சொன்னதை எல்லோருக்கும் விளங்கச் சொல்கிறேன். துவக்கு யாருடையது என்பது முடிந்த கதை. ஆனால் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஒளித்திருந்த இளைஞன், துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் ஓடினான் என்று பொலிசில் பதிவாகி இருக்கிறது. மேல்முறையீட்டில் அது எடுக்கப்பட்டால் அவன் சொல்லும் மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் விழும். வீட்டுக்காரர் வந்து, இவன் அங்கே இருந்தது எனக்குத் தெரியும், துவக்கு இருந்ததும் எனக்குத்தான் தெரியும், அவனுக்குத் தெரியாது என்று சொன்னால் அந்தப் பதிவுக்குப் பல் இருக்காது. இரண்டு வசனம். அதைச் சொல்லத்தான் அண்ணைக்கு வாய் வரவில்லை. அது வராவிட்டால் தயாபரனை விமானத்தில் ஏற்றிக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்குவார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு என்ன நடக்கும் என்று இதை வாசிக்கிற எவருக்கும் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நாங்கள் வீடு மாறிவிட்டோம். சுந்தர்தான் கிளென்ஃபீல்டில் பார்த்துத் தந்தார். வீட்டுக்காரி ஒரு வெள்ளைக்காரக் கிழவி. இந்த முறை ஏமாறக்கூடாது என்று, கதவைத் திறந்ததும் முதல் கேள்வியாக, இந்த வீட்டில் துவக்கு ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். அவ என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தா. பிறகு முகம் மலர்ந்து, "ஓ, நீங்கள் வேட்டைக்குப் போவீர்களா? பூட்டி வைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை," என்றா. இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் அவவுக்கு என் மேல் சந்தேகம் வந்தது.

அந்த வீட்டில் இப்போது சாமி மேசையில் இருக்கிறது. வேலைச் சாத்த இடமில்லை, படுக்கையாக வைத்திருக்கிறோம். எங்கள் செருப்புகள் எல்லாம் முன்வாசலில் வரிசையாகக் கிடக்கின்றன. தயாபரனின் செருப்பும் அந்த வரிசையில் இருக்கிறது. ஆனால் அவனுடைய சப்பாத்துகள் அங்கே இல்லை. அவை பின்கதவடியில், மூக்கு வேலியைப் பார்த்தபடி, கயிறு தளர்த்தி, கால் நுழைத்தவுடன் ஓடத்தக்கதாக இருக்கின்றன. மலர் அவற்றை முன்னுக்குக் கொண்டுவந்து வைப்பாள். விடிந்து பார்த்தால் திரும்பப் பின்னுக்கு இருக்கும். இந்த நாட்டில் இருப்பதற்கு ஒரு சோடி, ஓடுவதற்கு ஒரு சோடி.

செல்வரத்தினம் அண்ணை, வருகிற பொங்கல் கூட்டத்தில் நீங்கள்தான் தலைமை தாங்கப் போகிறீர்கள். நானும் வருவேன், மலரும் வருவாள், தயாபரனையும் கூட்டிக்கொண்டு வருவேன். எல்லோருக்கும் முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு, அவனுடைய முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். அந்த இரும்பு அலுமாரியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? இந்தப் பெடியனை உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?